வரிசையில் நிற்க முடியாத பிள்ளை



2022ஐ நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காஸ் சிலிண்டர் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பெற்றோல் வரிசை. வெயிலைத் தாங்கிக்கொண்டோம், பசியைத் தாங்கிக்கொண்டோம். எப்போது வரும், நம் முறை வருமுன் முடிந்துவிடுமா என்று தெரியாமல் நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்கு அடுத்த வேதனை, பக்கத்து வழியால் போய் நிரப்பிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தது.

இந்த இரண்டு வேதனைகளையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதை வாசியுங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் கடும் பதற்றம் உள்ள பிள்ளைகளும் அமெரிக்காவின் பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஒரு ராட்டினத்தில் ஏறுவதற்குப் பட்ட பாடுதான் இன்றைய கதை. ராட்டினத்துக்கெல்லாம் வரலாறா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்தக் கதை நீதிமன்றம் வரை போனது. நம் மைதானத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

தொடக்கத்திலிருந்து வருவோம். நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் 1904இல் ட்ரீம்லாண்ட் என்ற பூங்கா திறக்கப்பட்டது. அதற்குள் 'லிலிபூஷியா' என்று ஒரு சின்ன நகரம் கட்டியிருந்தார்கள். உயரம் மிகக் குறைந்த மனிதர்கள் முந்நூறு பேரளவில் கூட்டிவரப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களின் அளவுக்கு வீடுகள், அவர்களுக்கென்றே ஒரு தீயணைப்புப் படை. காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். பொழுதுபோக்குப் பூங்கா என்ற ஒன்று உருவான காலத்தில், மற்றவர்களைப் போல் இல்லாத ஒருவருக்கு அதற்குள் கிடைத்த இடம் இதுதான். அவரைப் பார்க்கத்தான் மற்றவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, 1955 ஜூலை 17ஆம் திகதி, கலிபோர்னியாவின் அனாஹைமில் வோல்ட் டிஸ்னி தன் பூங்காவைத் திறந்தார். பழைய கடற்கரைக் கேளிக்கை இடங்களின் அழுக்கும் கூத்தும் இல்லாமல், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வந்து போகும் ஓர் இடம் என்பதே அவருடைய எண்ணம். (முதல் நாளே கள்ள நுழைவுச்சீட்டோடு வந்தவர்கள் ஏராளம். இந்தக் கள்ளச் சீட்டு விவகாரம் பின்னால் வேறு உருவத்தில் திரும்ப வரும்.) பூங்கா பெரிதாக ஆக வரிசைகளும் நீண்டன. இரண்டு மூன்று நிமிட சவாரிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பது அங்கே வழமையாகிப் போனது.

இதற்கிடையில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற சிறுவர் மனநல வைத்தியர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசம் என்று இன்று நாம் சொல்வதன் மருத்துவ வரலாறு பெரும்பாலும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்கும். அதில் அவர் இரண்டு விசயங்களை அழுத்திச் சொல்கிறார். ஒன்று, இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் நேற்றுப் போலவே இருக்க வேண்டும். வழி மாறினால், ஒழுங்கு மாறினால் கலங்கிப்போவார்கள். மற்றது, பெரிய சத்தமும் அசையும் பொருட்களும் அவர்களைப் பீதியடைய வைக்கும். அவர் தரும் உதாரணங்களில் ஊஞ்சல் இருக்கிறது, லிப்ட் இருக்கிறது, தூசு உறிஞ்சும் இயந்திரம் இருக்கிறது, சாவி கொடுத்தால் ஓடும் விளையாட்டுப் பொருட்கள்கூட இருக்கின்றன.

இப்போது ஒரு பொழுதுபோக்குப் பூங்காவைக் கற்பனை செய்து பாருங்கள். கானர் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டியது போல இருக்கும். சத்தம், சுழற்சி, ஒளி, முகமூடி போட்டு நடமாடும் உருவங்கள், முதுகில் முட்டிக்கொண்டு நிற்கும் கூட்டம், முடிவு தெரியாத வரிசை. ஆனாலும் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த இடம் உயிர். ஒரே சவாரியில் இருபது தரம் ஏறினாலும் அலுக்காதவர்கள் அவர்கள். இருபது தரமும் அது ஒரே மாதிரிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கிறதே, அந்த நிச்சயம் அவர்களுக்கு ஆறுதல். சவாரியைத் தாங்கும் பிள்ளையால் சவாரிக்கான காத்திருப்பைத் தாங்க முடிவதில்லை. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெளியே நிற்பவருக்கு அது வேறு மாதிரித் தெரியும். பிள்ளை தரையில் விழுந்து கத்துகிறது, காதைப் பொத்துகிறது, தன் கையையே கடிக்கிறது. உம்மா கூனிக் குறுகி நிற்கிறார். "வளர்ப்புச் சரியில்லை" என்று யாரோ முணுமுணுக்கிறார். இந்த முணுமுணுப்புக்கும் வரலாறு உண்டு. 1950களிலும் 60களிலும் படித்தவர்களே அப்படித்தான் சொன்னார்கள். பாசம் காட்டாத தாய்மாரால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்ற கருத்தை, சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் வெளியிட்ட நூல் உலகமெங்கும் பரப்பியது. 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்று ஒரு பெயரே புழங்கியது. அதற்கு மூன்று வருடங்கள் முன்பே, ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது தாயின் குற்றமில்லை, மூளையின் அமைப்போடு சேர்ந்தது என்று ஒரு நூல் எழுதிவிட்டார். ஆராய்ச்சி உலகம் அவர் பக்கம் வந்து பல காலமாகிவிட்டது. முணுமுணுப்பு மட்டும் இன்னும் ஓயவில்லை.

1990 ஜூலை 26ஆம் திகதி அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. அரச அலுவலகங்களோடு தனியார் இடங்களையும் அது கட்டுப்படுத்தியது. கடை, ஹோட்டல், திரையரங்கு என்று போகும் பட்டியலில் பொழுதுபோக்குப் பூங்காவும் பெயர் சொல்லியே இருக்கிறது. நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுக்க வேண்டும், ஆனால் அந்த வியாபாரத்தின் அடிப்படையையே மாற்றும் அளவுக்குச் செய்யத் தேவையில்லை என்பது அதன் சாரம். அந்த 'அடிப்படை' என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

2013 வரை டிஸ்னி பூங்காக்களில் ஓர் உதவி அட்டை நடைமுறையில் இருந்தது. பிள்ளையால் வரிசையில் நிற்க முடியாது என்று பெற்றோர் சொன்னால் அட்டை கிடைக்கும். வைத்தியரின் கடிதம் கேட்கமாட்டார்கள். அதைக் காட்டினால் குடும்பத்தோடு வேறு வாசலால், பெரும்பாலும் காத்திருக்காமலே, உள்ளே போகலாம். சொன்ன சொல்லை நம்பி நடந்த ஏற்பாடு அது. எத்தனையோ குடும்பங்களுக்கு வருடத்தில் ஒரு நாள் மற்றவர்களைப் போல இருக்கக் கிடைத்தது அந்த அட்டையால்தான்.

2013 மே மாதம் நியூயோர்க் போஸ்ட் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. மன்ஹாட்டனின் பணக்காரத் தாய்மார் சிலர், சவாரிகளில் தங்கள் பிள்ளைகளை முந்தி ஏற்றுவதற்காக மாற்றுத்திறனாளி ஒருவரை வாடகைக்கு அமர்த்துகிறார்களாம். மணித்தியாலத்துக்கு 130 டொலர், எட்டு மணித்தியால நாளுக்கு 1,040 டொலர். அவரைத் தங்கள் குடும்பத்து ஆள் போலக் காட்டி, அட்டையோடு பக்கத்து வாசலால் நுழைவார்கள். அந்தப் பெண்களுக்குப் பணத்தில் குறைவில்லை, பிள்ளைகளுக்கும் சுகத்தில் குறைவில்லை. குறைவாக இருந்தது ஒரு மணித்தியாலப் பொறுமை. ட்ரீம்லாண்டில் ஊனத்தைக் காட்சிக்கு வைத்தார்கள், இவர்கள் அதை வாடகைக்கு எடுத்தார்கள். நூற்றியொன்பது வருட இடைவெளியில் மனிதர் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் பாருங்கள்!

2013 ஒக்டோபர் 9ஆம் திகதி பழைய அட்டை நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தி மட்டும் காரணமில்லை. அட்டைக்காரர்கள் எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தும், மக்கள் அதிகம் விரும்பும் சவாரிகளில் பெரும்பங்கு இருக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்று நிறுவனம் கணக்குப் பார்த்திருந்தது. அதில் பொய் சொல்லி வாங்கியவர்கள் எத்தனை பேர், மெய்யாகவே தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பிரித்து எடுக்க வழியில்லை. தண்டனை எல்லோருக்குமாக வந்தது.

புதிய அட்டையின் சுருக்கப் பெயர் 'டாஸ்'. வரிசை அறுபது நிமிடமென்றால், கிட்டத்தட்ட அந்தளவு நேரம் கழித்து வரச்சொல்லி ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அதுவரை குடும்பம் நிழலில் இருக்கலாம், சாப்பிடலாம், வேறு சின்னச் சவாரிக்குப் போகலாம். நமக்கு இது எளிதில் விளங்கும். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது நாள் கணக்கில் ரோட்டில் கிடந்த நிலை மாறியதே, அது போன்ற யோசனைதான். வரிசையில் ஆள் நிற்கத் தேவையில்லை, கணக்கு நின்றால் போதும்.

ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இது சரிவந்தது. இன்னும் பலருக்குச் சரிவரவில்லை. சவாரி கண் முன்னே சுற்றிக்கொண்டிருக்க, "இப்போது இல்லை, இரண்டே காலுக்கு" என்பதை விளங்காத பிள்ளைக்கு அந்த நிழலும் வரிசைதான். 2014இல் பல குடும்பங்கள் வழக்குப் போட்டன. அவற்றில் முன்னால் வந்தது, நீதிமன்ற ஏடுகளில் முதலெழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் ஓர் இளைஞனின் வழக்கு. அவன் பூங்காவுக்குள் நுழைந்தால் ஒவ்வொரு முறையும் அதே பாதையில், அதே ஒழுங்கில்தான் போவான், இடையில் நிறுத்தினால் நிலைகுலைந்து போவான் என்பது தாயின் வாதம். 1943இல் கானர் எழுதியது எழுபது வருடங்களுக்குப் பிறகு சாட்சிக் கூண்டில் நின்றது என்று சொல்லலாம்.

கீழ் நீதிமன்றம் 2016இல் வழக்கைத் தள்ளியது. 2018 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தாய்மாருக்கு ஒரு கதவைத் திறந்தது. 'காத்திருக்கவே முடியாது' என்பது மெய்யா, அப்படியானால் உடனடி நுழைவு அவசியமா என்பதை விசாரித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2020 பெப்ரவரியில் விசாரணை, ஜூனில் தீர்ப்பு. தீர்ப்பு டிஸ்னி பக்கம். புதிய அட்டையும் அதோடு கொடுக்கப்படும் சில உடனடி நுழைவுச் சீட்டுகளும் போதும், எல்லையற்ற உடனடி நுழைவு கொடுத்தால் பழைய கள்ளத்தனம் திரும்பிவரும், மற்றவர்களின் வரிசை நீளும், பூங்காவின் அடிப்படையே மாறிவிடும் என்றார் நீதிபதி. மேலே நினைவில் வைக்கச் சொன்ன சொல் வந்துவிட்டது.

தீர்ப்பு பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளையும் பிள்ளைதான். ஆனால் அந்தத் தாய் தோற்றதற்கான காரணங்களில் ஒன்று, யாரோ ஒரு பணக்காரத் தாய் 1,040 டொலருக்கு வாங்கிய ஒரு நாள். இது மனதை உறுத்தாமல் இல்லை.

இந்த வழக்குகளுக்கு நடுவே டெக்சாஸில் வேறொரு பாதை திறந்திருந்தது. கோர்டன் ஹார்ட்மன் என்பவர் வீடு கட்டி விற்கும் தொழிலதிபர். அவருடைய மகள் மோர்கனுக்கு உடலிலும் அறிவு வளர்ச்சியிலும் குறைபாடுகள். ஒரு விடுமுறையில் நீச்சல் தடாகத்தில் மோர்கன் மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போக, என்ன செய்வதென்று தெரியாத அந்தப் பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏறிப் போய்விட்டார்கள். அதைக் கண்ட தந்தை சான் அன்டோனியோ நகரில் கைவிடப்பட்ட ஒரு கற்குவாரி நிலத்தை வாங்கி, 2010இல் 'மோர்கன்ஸ் வொண்டர்லாண்ட்' என்ற பூங்காவைத் திறந்தார். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய ராட்டினம், சக்கர நாற்காலியோடு ஆடக்கூடிய ஊஞ்சல். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். 2017இல் பக்கத்திலேயே நீர் விளையாட்டுப் பூங்காவும் வந்தது. அங்கே நனைந்தாலும் பழுதாகாத, அழுத்தக் காற்றில் ஓடும் சக்கர நாற்காலிகள் இருக்கின்றன. வருடத்துக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் நட்டம் வரும் என்று தெரிந்துகொண்டே திறந்து, நன்கொடையால் அதை ஈடு செய்கிறார்கள்.

எங்களுக்கு அந்தப் பூங்காவின் கதையில் மிகவும் பிடித்தது கட்டடமும் நாற்காலியும் இல்லை. தன் பெயரிலேயே கட்டப்பட்ட பூங்காவின் ராட்டினத்தில் ஏற மோர்கனுக்குப் பயம். முதலில் பக்கத்தில் போய் நின்றாள், பிறகு மேலே ஏறினாள், ஆனால் சுற்ற விடவில்லை. ராட்டினம் அவளோடு சுற்றுவதற்கு மூன்று வருடங்கள் ஆகின. பூங்காவே சொந்தமாக இருந்தும், அவள் அவசரப்படுத்தப்படவில்லை. "ஒரு தரம் கூட்டிப் போனோம் சேர், கத்தினான், இனிக் கூட்டிப் போகமாட்டோம்" என்று சொல்லும் பெற்றோர் இந்த மூன்று வருடக் கணக்கை ஒரு முறை யோசிக்க வேண்டும்.

பிறகு சான்றிதழ்களின் காலம் வந்தது. 2018இல் பென்சில்வேனியாவின் செசமி பிளேஸ், ஓட்டிசத்துக்கான சான்றிதழ் பெற்ற முதல் பொழுதுபோக்குப் பூங்காவானது. ஊழியர்களுக்குப் பயிற்சி, அமைதி அறை, சத்தம் குறைக்கும் காதுக்கவசம். எங்களைக் கவர்ந்தது ஒரு சின்ன விசயம். ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால், இதில் சத்தம் எவ்வளவு, ஒளி எவ்வளவு, உடலில் படுவது எவ்வளவு என்று பத்துக்குப் புள்ளி போட்டு எழுதி வைத்தார்கள். பெற்றோர் பார்த்து முடிவெடுக்கலாம். செலவு ஒரு பலகையும் கொஞ்சம் பெயின்ற்றும். இன்று நம் உறவுகள் வேலை செய்யும் அபுதாபியின் யாஸ் தீவுப் பூங்காக்களிலும் இந்தச் சான்றிதழ் தொங்குகிறது. அங்கிருந்து வாசிப்பவர்கள், பிள்ளையை அழைப்பித்தால் வாசலில் கேட்டுப் பாருங்கள். சுவரில் தொங்கும் சான்றிதழை விட, வாசலில் நிற்கும் பையனுக்கு அது விளங்கியிருப்பதுதான் முக்கியம்.

டிஸ்னி கதை முடியவில்லை. 2024இல் விதிகளை மீண்டும் இறுக்கினார்கள். அட்டை கேட்பவர்கள் ஐந்து வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டார்கள் என்பது காரணம். இப்போது ஓட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளுக்கே அந்த அட்டை என்கிறார்கள். முன்கூட்டியே காணொளி அழைப்பில் பேச வேண்டும். பொய் என்று கண்டால் நிரந்தரத் தடை. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இடம் உறுதியானது நல்லது. ஆனால் கூட்டத்தில் மூச்சு முட்டிப் போகும் கடும் பதற்றம் உள்ள பிள்ளை, குடல் நோயால் அடிக்கடி மலசலகூடம் ஓட வேண்டிய பிள்ளை ஆகியோரில் பலர் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு என்கிறது நிறுவனம், போதாது என்கிறார்கள் பெற்றோர். 2025இல் மீண்டும் வழக்கு. நோயின் பெயரை வைத்து வாசலைத் திறந்தால், பெயர் கிடைக்காத பிள்ளைக்கு வாசல் இல்லை என்றாகிவிடுகிறது.

இனி நம் பக்கம். நம் நாட்டிலும் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளோடு சமமான பங்கு வேண்டும் என்று அதன் 30ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த எழுத்து நம் ஊர் மைதானத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. பெருநாளைக்கு காணிவல் போட்டால் எட்டு ஒலிபெருக்கியில் எட்டுப் பாட்டு. விசேட தேவையுடைய பிள்ளை அன்றைக்கு மூத்தம்மாவோடு வீட்டில். தம்பியும் தங்கையும் புதுச் சட்டையோடு போய் வந்து கதை சொல்வார்கள். எங்கள் வகுப்புகளில் பெருநாள் விடுமுறைக்குப் பிறகு "எங்கே போனீர்கள்?" என்று படம் வரையச் சொன்னால், வீட்டு முற்றத்தை வரையும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கூட்டிப் போக நினைக்கும் பெற்றோருக்குச் சிலது. முதல் நாளே மைதானத்தைப் படம் பிடித்து வந்து பிள்ளைக்குக் காட்டுங்கள். கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். என்னென்ன நடக்கும் என்பதை ஒழுங்காகச் சொல்லுங்கள், சொன்ன ஒழுங்கை மாற்றாதீர்கள். காதுக்கு ஏதாவது கொண்டு போங்கள். பதினைந்து நிமிடத்தில் திரும்ப வேண்டி வந்தால் திரும்புங்கள், அதுவும் போய் வந்ததுதான்.

காணிவல் ஏற்பாட்டாளர்களிடம் நாங்கள் கேட்கப் போவது மூன்று. முதல் நாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒலிபெருக்கியையும் மின்னும் வெளிச்சத்தையும் நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் வரிசை வேண்டாம், நேரம் எழுதிய துண்டு கொடுங்கள். வரும் பிள்ளையிடம் வைத்தியரின் கடிதம் கேட்காதீர்கள். கடிதம் இல்லாத இடத்தில் ஏமாற்றுபவரும் வருவாரே என்று கேட்பீர்கள். வருவார். பாட்டு இல்லாத, வெளிச்சம் மின்னாத ஒரு மணித்தியாலத்துக்காகப் பொய் சொல்லிக்கொண்டு வருபவர் எத்தனை பேர் என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஏற்பாட்டுக் குழுவைச் சந்திக்கப் போகிறோம். ஆசிரியர்கள் நால்வர் இருக்கிறோம். இந்தப் பிள்ளைகளின் வாப்பாமார் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து வந்தால், நாங்கள் சொல்வதை விட நீங்கள் சொல்வது அவர்களுக்கு விளங்கும். வர முடிந்தவர்கள் வியாழன் மஃரிபுக்கு முன் சொல்லிவிடுங்கள்.